பழைய சபைக் கணக்கில் பெண்கள் சங்கக் காணிக்கையை எங்கே தேடுவது?

சேகரச் செயலர்:
எங்கள் சேகரத்துப் (பல கிறிஸ்தவ சபைகள் சேர்ந்த வட்டம்) பெண்கள் சங்க ஆண்டுவிழாவுக்குக் கண்காட்சி வைக்கிறோம். 1800-களின் பிற்பாதியில் நம் திருநெல்வேலிச் சீமைப் பெண்கள் ஊழியத்துக்கு எப்படிப் பணம் சேர்த்தார்கள் என்பதுதான் பொருள். பழைய கணக்கில் சந்தா வரியில் ஆண்கள் பெயர்தான் வருகிறது. பெண்கள் பங்கை எதில் பார்ப்பது? "ரூ. 3-7-4" என்றிருப்பதை எப்படிக் காட்டுவது? மிஷனரி ரேனியுஸ் ஐயரின் தர்ம சங்கத்தையும் சேர்க்கலாமா? பெண்கள் லேஸ் பின்னி விற்ற பணத்தை?

தேரிக்காட்டான்:
சந்தாவில் தேடாதீங்க. ரொக்கம் வீட்டுக்காரர் பெயரில் போகும். பெண்கள் கொடுத்ததெல்லாம் பொருள். அரிசி விற்ற வகை, கருப்பட்டி விற்ற வகை, பண்டிகை ஏலம், இப்படிப்பட்ட வரிகளைப் பாருங்க.

பிடி அரிசியில் ஒன்றைச் சரியாகக் காட்டணும். சோறாக்க அளந்து வைத்த அரிசியிலிருந்துதான் ஒரு பிடி எடுத்துக் காணிக்கைக் கலயத்தில் போடுவது. குதிரிலிருந்து தனியாக அள்ளினால் அதற்குப் பொருளே இல்லை. அன்றைய சோற்றில் அந்தப் பிடி குறையணும். சேர்ந்ததைச் சபைக் கோயிலில் கொட்டி, அளந்து விற்பார்கள். பல வீட்டு அரிசி கலந்தால் புழுங்கலும் பச்சையும் ஒன்றாக வேகாது, விலை இறங்கும். நாள்பட்டால் வண்டு விழும். படியும் ஊருக்கு ஊர் வேறு. தலைதட்டி அளந்ததற்கும் கூம்பாக அளந்ததற்கும் நல்ல வித்தியாசம் வரும். அதனால் கிலோவாக மாற்றாமல் படி, மரக்கால் என்றே எழுதுங்க. கோட்டை என்று வந்தால் நம் பக்கம் 21 மரக்கால்.

மெஞ்ஞானபுரம், நாசரேத், இடையன்குடி போன்ற பனங்காட்டு ஊர்களில் அரிசியை மட்டும் தேடினால் கொஞ்சம்தான் கிடைக்கும். அங்கே காணிக்கை கருப்பட்டிதான். பனை ஏறுவது ஆண், காய்ச்சுவது பெண். பனையில் கட்டும் கலயத்தில் சுண்ணாம்பு குறைந்தால் பதநீர் புளித்து, பாகு இறுகாது. கூடினால் நிறம் கறுத்து வாடை வரும். பொங்கி வழியாமல் இருக்க ஆமணக்கு முத்தைத் தட்டிப் போட்டு, பதம் வந்ததும் சிரட்டையில் ஊற்றுவார்கள். பருவத்தில் விலை மலிவு என்பதால் அடுப்புக்கு மேல் பரணில், புகை படும்படி வைத்து ஐப்பசி மழையில் விற்பதும் உண்டு. ஈரம் பட்டால் கசிந்து எடை போய்விடும். ஆகவே சித்திரையில் கொடுத்தது கார்த்திகை வரவில் இருந்தால் தப்பென்று அடிக்காதீங்க.

பாளை வாசகி:
லேஸைத் தனிப் பலகையில் வையுங்கள், காணிக்கையோடு கூட்டக்கூடாது. நாகர்கோவிலில் மிஷனரி மார்த்தா மால்ட் அம்மாள் கற்றுக்கொடுத்த தொழில் அது. மகள் எலைசா, கால்டுவெல் ஐயரை 1844-இல் மணந்து அதை இடையன்குடிக்குக் கொண்டுவந்தார். விற்ற பணத்தில் பின்னியவர் கூலியும் உண்டு; எல்லாவற்றையும் கொடை என்று எழுதினால் அந்தப் பெண்களின் உழைப்பை மறைத்துவிடுவோம். செய்துகாட்ட திண்டு, துளையிட்ட மாதிரி அட்டை, ஜோடி ஜோடியாக நூல் சுற்றிய கட்டைகள் வேண்டும். ஊசி பித்தளையாக இருக்கட்டும். நம் கடற்கரைக் காற்றில் இரும்பு துருவேறி நூலில் கறை பிடித்தால் போகாது. வியர்வைக் கையாலும் நூல் மஞ்சளாகும்.

கணக்கர்:
3-7-4 என்பது ரூபாய், அணா, பை. 12 பை ஓர் அணா, 16 அணா ஒரு ரூபாய், ஆக ரூபாய்க்கு 192 பை. உங்கள் தொகை 664 பை, தசமத்தில் ரூ. 3.46. 3.74 என்று எழுதிவிடாதீர்கள். பழைய ஏட்டில் க போலிருப்பது 1, உ போலிருப்பது 2.

மிஷன் அறிக்கைகளில் பவுன், ஷில்லிங், பென்ஸ் என்று இன்னொரு மூன்று கட்டம் வரும்: 12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுன். இங்கிலாந்துப் பெண்கள் வாரம் ஒரு பென்னி வசூலித்தும், தையல் கூட்டத்தில் தைத்ததை விற்றும் அனுப்பிய பணம் அது. இந்தியாவுக்கே வராத சாரா டக்கர் இங்குள்ள பெண்பிள்ளைகள் கல்விக்குத் திரட்டியதும் அந்த வழிதான். அதை உள்ளூர் வரவோடு சேர்க்காதீர்கள். ஒரே விகிதத்தில் மாற்றவும் வேண்டாம்: 1870 வாக்கில் பவுனுக்குச் சுமார் 10 ரூபாய், வெள்ளி விலை சரிந்து நூற்றாண்டு முடிவில் 15 ஆகிவிட்டது.

தர்ம சங்கம் 1830-இல் தொடங்கியது, கிறிஸ்தவக் குடியிருப்புகளுக்கு நிலம் வாங்க. பெண்கள் சங்கம் அல்ல, விட்டுவிடுங்கள்.

சேகரச் செயலர்:
கருப்பட்டி வரவு எங்கள் ஏட்டில் மார்கழியில்தான் இருக்கிறது. அரிசி, கருப்பட்டி, லேஸ் என்று பலகைகளைப் பிரித்து எழுதுகிறோம். நன்றி அண்ணாச்சி, அக்கா, ஐயா.