கலைச்சொல்: கிட்டாரில் ‘ஆல்டர்னேட்டிங் பேஸ்’, தமிழில் எப்படிச் சொல்லலாம்?

பசுமலை:

குழுவினருக்கு வணக்கம். ‘ஃபிங்கர்பிக்கிங்’குக்கு விரல்மீட்டு என்று முடிவாகிவிட்டது. அடுத்த சொல்லில்தான் பாடக்குறிப்பு நிற்கிறது: ‘ஆல்டர்னேட்டிங் பேஸ்’.

கிட்டார் பழகாதவர்களுக்காகச் செய்முறையைச் சொல்லிவிடுகிறேன். நான்கு எண்ணிக்கைத் தாளம். ஒவ்வொரு எண்ணிக்கைக்கும் கட்டைவிரல் ஒரு தடித்த கம்பியை அடிக்கும். ஒரே கம்பியை அல்ல, கம்பிகளை மாறி மாறி. மெல்லிய கம்பியை ஒன்று என்று எண்ணினால் எல்லாவற்றிலும் தடித்தது ஆறு. சி கார்டுக்கு (கார்டு என்பது சில சுரங்கள் சேர்ந்த பிடி) 5-4-6-4 என்ற வரிசை. ஏ மைனருக்கும் அதே. ஜி-க்கு 6-4-5-4. டி-க்கு 4-3-5-3. இந்த ஓட்டம் அறுபடாமல் போய்க்கொண்டிருக்க, சுட்டுவிரலும் நடுவிரலும் மெல்லிய கம்பிகளில் மெட்டை எடுக்கும். அமெரிக்காவின் கென்டக்கியைச் சேர்ந்த கிட்டார் கலைஞர் மெர்ல் டிராவிஸ் (1917–1983) பெயரில் ‘டிராவிஸ் பிக்கிங்’ என்று சொல்வதற்கு அடித்தளமே இந்த ஓட்டம்தான். அவர் பெரும்பாலும் கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் மட்டும் வைத்து வாசித்தவர்.

என் முன்மொழிவு ‘மாற்று மந்தரம்’. மந்தரம் என்றால் கீழ் ஸ்தாயி. பார்த்துச் சொல்லுங்கள்.

தெப்பக்குளம்:

> என் முன்மொழிவு ‘மாற்று மந்தரம்’

தம்பி, இரண்டு பாதியிலும் சிக்கல் இருக்கிறது.

‘மாற்று’ என்று முன்னால் போட்டால் ‘இதற்குப் பதிலாக இன்னொன்று’ என்றுதான் வாசிப்பார்கள். மாற்று வழி, மாற்றுச் சாவி மாதிரி. கம்பிகளை வேறு சுரங்களுக்குச் சேர்த்துக்கொள்வதற்கு மாற்றுச் சுருதி என்று சொல்கிறோம். அதன் பக்கத்தில் மாற்று மந்தரம் என்று எழுதினால் அந்தச் சுருதிக்குரிய மந்தரக் கம்பி என்று எடுத்துக்கொள்வார்கள்.

‘மந்தரம்’ வீணைக்காரர்களைக் குழப்பும். வாசிக்கிற நான்கு தந்திகளில் மூன்றாவதன் பெயரே மந்தரம், நான்காவது அனுமந்தரம். நமக்கு அது ஒரு தந்தியின் பெயர். நீங்கள் கேட்பதோ ஒரு செயலின் பெயர்.

வீணையில் இதற்கு நெருக்கமானது சுண்டுவிரல் வேலை. சுட்டுவிரலும் நடுவிரலும் மேலே மீட்டிக்கொண்டிருக்க, சுண்டுவிரல் பக்கத்தில் இருக்கிற மூன்று தாளத் தந்திகளைத் தாளத்துக்கு வருடிப் போகும். ஆனால் மூன்றும் சேர்ந்தே ஒலிக்கும், மாறி மாறி அல்ல. அதனால் அந்தச் சொல்லை அப்படியே தூக்கி இங்கே வைக்க முடியாது. ‘கட்டைவிரல் தாளம்’ என்று சொல்லிப் பார்க்கலாமா?

மேலூர்:

அக்கா, கட்டையை உள்ளே விடாதீர்கள். பாட்டுக்காரர்கள் வாயில் கட்டை என்றால் சுருதிதான். சி என்றால் ஒரு கட்டை, டி ரெண்டு, ஜி அஞ்சு. சி வடிவத்தைப் பிடித்துக்கொண்டு இரண்டாம் ஃபிரெட்டில் (கழுத்தில் உள்ள கட்டங்களில் இரண்டாவதில்) கேப்போ, அதாவது கம்பிகளை மொத்தமாக அழுத்தும் கவ்வி, போட்டால் சத்தம் ரெண்டு கட்டைக்குப் போகும். ஒரே பாடத்தில் ‘ரெண்டு கட்டை’யும் ‘கட்டைத் தாளமும்’ வந்தால் படிக்கிறவன் எதைப் பிடிப்பான்?

பறையில் ஒத்தையடி என்கிற மாதிரி, கை எப்படி விழுகிறதோ அதற்கு ‘அடி’ சேர்த்துப் பெயர் வைப்பதுதான் நம் பக்கத்து வழக்கம். அதே வழியில் ‘மாத்தடி’ என்று வைப்போம். எழுத்தில் மாற்றடி. கேட்டவுடன் புரியும்.

பசுமலை:

அக்கா சொன்னதையும் மேலூர் அண்ணன் சொன்னதையும் ஏற்றுக்கொள்கிறேன். கட்டைவிரல் பெயரில் வரக்கூடாது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அமெரிக்க நாட்டுப்புறக் கிட்டார் கலைஞர் எலிசபெத் காட்டன் இடக்கைக்காரர். வலக்கைக் கிட்டாரைக் கம்பி மாற்றாமல் அப்படியே திருப்பிப் பிடித்து வாசித்தார். அதனால் தடித்த கம்பிகள் கீழே வந்தன. விரல்கள் அவற்றை மாறி மாறி அடிக்க, கட்டைவிரல் மெட்டை எடுத்தது. அவர் வாசித்ததும் இதே ஆல்டர்னேட்டிங் பேஸ்தான். எந்த விரல் என்பது சொல்லுக்குள் இருந்தால் அவர் வாசிப்புக்கு வேறு பெயர் தேட வேண்டியிருக்கும்.

‘அடி’ எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. தாளத்தின் எண்ணிக்கையும் அடி, கை விழுவதும் அடி, கீழே தாங்குவதும் அடி. மூன்றும் இந்தச் செயலில் இருக்கின்றன.

‘மாத்தடி’யில் மட்டும் ஒரு தடை. வகுப்பில் ‘மாத்தி அடிச்சிட்டே’ என்றால் தப்பான கம்பியைத் தொட்டுவிட்டாய் என்று பொருள். நாள் முழுக்கக் காதில் விழுகிற பேச்சு இது. செய்ய வேண்டியதற்கும் செய்யக்கூடாததற்கும் ஒரே சத்தம் இருக்கக்கூடாது.

சொல் எதைத் தாங்க வேண்டும் என்று தெரிய, இது எங்கெங்கே உடைகிறது என்று எழுதுகிறேன்.

பழக்கும் முறை இதுதான். மெட்ரோனோமை (தாளம் காட்டும் கருவியை) நிமிடத்துக்கு 60 அடியில் வைத்து, சி கார்டைப் பிடித்து, 5-4-6-4 மட்டும். விரல்கள் சும்மா இருக்கட்டும். வாசித்துக்கொண்டே பக்கத்தில் இருப்பவரோடு பேச முடிகிறவரை இதிலேயே நிற்க வேண்டும். பிறகு ‘தக திமி தக ஜணு’ என்று வாயால் சொல்லச் சொல்ல வேண்டும். கட்டைவிரல் விழுவது த, தி, த, ஜ என்ற நான்கில். விரல்களுக்குரிய இடம் க, மி, க, ணு. முதல் நாளில் ‘மி’யில் மட்டும் சுட்டுவிரலால் இரண்டாம் கம்பி. அது நிலைத்த பிறகு இரண்டாவது ‘க’வில் நடுவிரலால் முதல் கம்பி. கடைசியாக முதல் ‘த’வில் கட்டைவிரலும் நடுவிரலும் ஒன்றாக, ஐந்தாம் கம்பியும் முதல் கம்பியும் சேர்ந்து ஒலிக்க வேண்டும். இவ்வளவும் வந்த பிறகே வேகத்தை நாலு நாலாக ஏற்றலாம்.

முதலில் உடைவது ‘மி’. சுட்டுவிரல் அசைந்ததும் கட்டைவிரலும் கூடவே அசைந்துவிடும். அல்லது அடுத்த ‘த’ முந்திக்கொண்டு விழும். இரண்டு விரலையும் ஒரே உத்தரவுக்குக் கை பழக்கி வைத்திருப்பதுதான் காரணம். வேகத்தைக் குறைத்தால் மட்டும் சரியாகாது. சுட்டுவிரலை நிறுத்திவிட்டு, அந்த ‘மி’யை வாயால் மட்டும் சொல்லி நாலு சுற்று ஓட்டிவிட்டுத் திரும்ப விரலைச் சேர்க்க வேண்டும்.

அடுத்தது சி கார்டின் மூன்றாம் எண்ணிக்கை. அங்கே ஆறாம் கம்பி வருகிறது. மோதிரவிரல் ஐந்தாம் கம்பி மூன்றாம் ஃபிரெட்டிலிருந்து ஆறாம் கம்பி மூன்றாம் ஃபிரெட்டுக்கு நகர வேண்டும். பலர் மூன்று என்று எண்ணிய பிறகு நகர்த்துகிறார்கள், அடி தாமதமாகிறது. இரண்டாம் எண்ணிக்கையில் நான்காம் கம்பி ஒலித்துக்கொண்டிருக்கும்போதே விரல் கிளம்பிவிட வேண்டும்.

கார்டு மாறும் இடத்தில் நான்காம் எண்ணிக்கையே காணாமல் போகும். இடக்கை முன்கூட்டியே எழும்பிவிடுகிறது, எல்லா விரலையும் ஒரே நேரத்தில் புதிய இடத்தில் வைக்க வேண்டுமென்ற பதற்றத்தில். தேவையே இல்லை. சேர்த்து அடிப்பதை விட்டுவிட்டால், முதல் எண்ணிக்கைக்கு வேண்டியது அடிக்கம்பியை அழுத்துகிற ஒரு விரல் மட்டும். அதை முதலில் இறக்கினால் போதும், மற்றவை அதற்குரிய எண்ணிக்கைக்கு முன்னால் வந்து சேர்ந்துவிடும்.

சத்தம் குழம்பினால் உள்ளங்கையின் ஓரத்தைப் பிரிட்ஜின் எலும்பு (கம்பிகள் தாங்கி நிற்கும் மேடு) மேலேயே, தடித்த மூன்று கம்பிகளுக்கு மட்டும், லேசாக வைக்க வேண்டும். சில மில்லிமீட்டர் முன்னே நகர்ந்தால் சுரமே செத்து ‘தொப்’பென்று கேட்கும். கட்டைவிரல் அடிமூட்டிலிருந்து அசைய வேண்டும். நுனி மடங்கி உள்ளங்கைக்குள் போனால் சுட்டுவிரலோடு முட்டும். கட்டைவிரல் விரல்களைவிடச் சற்றுக் கழுத்துப் பக்கம் தள்ளியே இருக்கட்டும்.

இத்தனையிலும் பொதுவாக ஒன்று இருக்கிறது: கம்பி மாறினாலும் அடி மாறக்கூடாது. சொல்லில் ‘மாறுவது’ தெரிய வேண்டும், ‘தப்பியது’ தெரியக்கூடாது.

திருநகர்:

நண்பர் கேட்கிற நுட்பத்துக்கு நம்மிடம் சொல் இருக்கிறது. சிலப்பதிகாரம் கானல்வரியில் யாழ் வாசிக்கும் கைத்தொழில் எட்டு சொல்லப்படுகிறது: வார்தல், வடித்தல், உந்தல், உறழ்தல், உருட்டல், தெருட்டல், அள்ளல், பட்டடை. பழைய உரை உறழ்தலுக்கு ‘ஒன்றிடையிட்டும் இரண்டிடையிட்டும் ஆராய்தல்’ என்று பொருள் சொல்கிறது. நரம்பை வரிசையாகத் தொடாமல் இடைவிட்டுத் தொடுவது.

இலக்கணத்திலும் இதே வேர் உண்டு. கல் குறிது, கற்குறிது என்று இரண்டு வடிவமும் வரக்கூடிய இடத்தைத் தொல்காப்பியம் உறழ்ச்சி என்கிறது. இப்படியும் அப்படியும் வருவது, இரண்டுமே சரி. ‘மாறுவது தெரிய வேண்டும், தப்பியது தெரியக்கூடாது’ என்றீர்களே, அதற்குப் பொருந்தும்.

ஆகவே ‘உறழடி’.

கீழ் ஸ்தாயிக்குரிய பழஞ்சொல்லான ‘மெலிவு’ என்பதையும் எண்ணிப் பார்த்தேன். இன்று மெலிவு என்றால் பலவீனம் என்றே மாணவன் கொள்வான், கம்பியைத் தடவிவிட்டுப் போய்விடுவான். அது வேண்டாம்.

பசுமலை:

ஐயா, கிட்டாரில் வைத்துப் பார்த்தேன். ஜி-யில் 6-லிருந்து 4, ஐந்தை இடையிட்டுப் போகிறது. சி-யில் 5-4 அடுத்தடுத்த கம்பிகள். ஆனால் அடுத்த 4-6, 6-4 இரண்டும் இடையிட்டவை. எல்லா நகர்வும் இடையிட்டதல்ல, ஆனாலும் சுற்றுக்குப் பொருந்துகிறது. ஒன்று மட்டும் பாடக்குறிப்பில் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும்: உரை சொல்வது நரம்பை ‘ஆராய்தல்’. நாமோ பாட்டுக்குத் தாங்கலாக ஓட்டுவதற்கு அந்தச் சொல்லை நீட்டுகிறோம்.

திருநகர்:

சரியான குறிப்பு. பொருள் நீட்சி என்றே எழுதுங்கள்.

மேலூர்:

ஐயா, சொல் அழகுதான். ஆனால் எங்கள் பக்கத்தில் வாயில் ‘உரலடி’ என்றுதான் வரும்.

திருநகர்:

வரட்டுமே. ஒரே உரலில் இரண்டு பேர் உலக்கை போட்டால் மாறி மாறித்தானே விழுகிறது? ஒருவர் ஒரு நொடி முந்தினால் உலக்கை உலக்கையில் மோதும். காதில் உரல் என்று விழுந்தாலும் பிள்ளை சரியான படத்தைத்தான் பிடிப்பான். எழுதும்போது றகரமும் ழகரமும் நிற்கட்டும்.

தெப்பக்குளம்:

எனக்குச் சம்மதம். ஒரு சொல்லைப் பார்க்கும்போது அது உடன்பிறப்புகளைக் கொண்டுவருமா என்றும் பார்க்க வேண்டும். ப்ளூஸ் பாட்டுகளில் ஒரே தடித்த கம்பியை நான்கு எண்ணிக்கைக்கும் அடிக்கிறார்களே, அதற்கு ‘நிலையடி’. ஒரு கார்டிலிருந்து அடுத்த கார்டுக்குச் சுரம் சுரமாகப் படியேறிப் போவதற்கு ‘நடையடி’. நிலையடி, உறழடி, நடையடி: மூன்றும் ஒரே வீட்டுப் பிள்ளைகளாக நிற்கின்றன. ‘மாற்றடி’யாக இருந்திருந்தால் இவ்வளவு சுத்தமாக வந்திருக்காது.

இன்னொன்று. ஐயா சொன்ன அந்தப் பழைய உரை கட்டைவிரலைப் ‘பெருவிரல்’ என்றே சொல்கிறது. பாடம் முழுவதும் அதையே எடுத்துக்கொண்டால் மேலூர் தம்பியின் கட்டைக் குழப்பமும் போய்விடும்.

மேலூர்:

பெருவிரல் நல்லது. மாத்தடியை நான் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

பசுமலை:

அப்படியானால் பட்டியலில் இப்படிப் பதிகிறேன்:

உறழடி: விரல்மீட்டில், எண்ணிக்கை தவறாமல், தடித்த கம்பிகளை மாறி மாறி ஒலிக்கச் செய்தல். பெரும்பாலும் பெருவிரலால். எ-டு: ‘சி கார்டில் உறழடி 5-4-6-4. முதலில் உறழடியை மட்டும் 60-இல் ஓட்டு, பிறகு மெட்டைச் சேர்.’ வினையாக: உறழ்ந்தடி. ஒப்புநோக்க: நிலையடி, நடையடி. யாழ்த் தொழிலான உறழ்தலிலிருந்து பொருள் நீட்டியது.

மீதி இருப்பது ‘பிஞ்ச்’: பெருவிரலும் இன்னொரு விரலும் ஒரே நேரத்தில் இரண்டு கம்பியை எடுப்பது. ஐயா சொன்ன எட்டில் வடித்தலுக்கு, சுட்டுவிரலும் பெருவிரலும் கூட்டி என்று உரை போகிறது. கை அதேதான். ஆனால் நம் வீடுகளில் வடிப்பது சோறு. இதைத் தனி இழையில் எடுப்போம். சொல் வைத்திருப்பவர்கள் எடுத்துக்காட்டு வாக்கியத்தோடு அனுப்புங்கள்.