வாய்க்கால் கரை மளிகைக்கடைகளின் வரலாறு: பேரேட்டிலிருந்து எடுக்கிற விதம்

பேரேட்டுப் பிரியன்:
கீழ்பவானி வாய்க்கா (பவானிசாகர் அணையிலிருந்து ஈரோட்டுப் பக்கம் வர்றது) கரையில எந்தக் கடையில கேட்டாலும் "வாய்க்கா வந்த வருஷம் அப்பாரு வெச்சது"ன்னுதான் பதில் வரும். பவானிசாகர் அணை 1948-ல தொடங்கி 1955-ல முடிஞ்சுது. அது வெறும் எல்லைக்கல். தேதியைப் பேரேடு, அதாவது கடையோட கணக்குப் புத்தகம்தான் சொல்லணும்.

முதல் பக்கத்துல பிள்ளையார் சுழி, 'லாபம்', கீழே தமிழ் வருஷம். சுழியை ௨ (2)-ன்னு படிச்சுத் தடுமாறுறவங்க நிறைய. ௧, ௭, ௮ (1, 7, 8) மூணும் க, எ, அ மாதிரியே இருக்கும். ௰௫-ன்னா 15. ௶ பற்று, ௷ வரவு, ௸ மேற்படி. இந்த மூணு குறியும் பழகிட்டா முக்கால்வாசிப் பக்கம் படிச்சுடலாம்.

மன்மத வருஷம்னா 1955 சித்திரையில பிறந்தது. ஆனா 1895-லயும் ஒரு மன்மத உண்டு. சந்தேகம் வந்தா காசைப் பாருங்க. ரூபாய், அணா, பைன்னு மூணு பத்தி கட்டியிருந்தா 1957 ஏப்ரலுக்கு முந்தின பழக்கம் (12 பை ஒரு அணா, 16 அணா ஒரு ரூபாய்). நயா பைசா (ரூபாய்க்கு 100) வந்தது துன்முகி பங்குனியில. ரெண்டு வாரத்துல ஏவிளம்பி புதுக்கணக்கு. அந்தப் பேரேட்டுல ரெண்டு முறையும் கலந்தே கிடக்கும். 6, 12, 19, 25-ன்னு விலை விழுந்திருந்தா அது 1, 2, 3, 4 அணாவோட மாற்று. 3 அணா சரியாப் பாத்தா 18¾. அதை 19-ஆ ஏத்தினாங்க. கூட்டுத்தொகை ஒரு பைசா இடிக்கிறது இதனாலதான். கணக்குப்பிள்ளை தப்புன்னு நினைச்சுத் திருத்தி வெச்சுடாதீங்க.

நசியனூர் தெற்கு:
ஏனுங்க, வருஷம் கண்டுபிடிச்சா மட்டும் போதுங்களா? கடை எப்படி ஓடுச்சுன்னு தெரியணும்னா பற்றுக் கணக்கைப் பெயர் வாரியா அடுக்காம மதகு வாரியா அடுக்கிப் பாருங்க.

கீழ்பவானிப் பாசனம் 2 லட்சத்து 7 ஆயிரம் ஏக்கர். பாதிக்கு ஒரு போகம், மீதிக்கு அடுத்தது. ஆகஸ்ட் 15-ஐ ஒட்டித் தொறக்கிற தண்ணி 120 நாளைக்கு, நெல்லுக்கு. தையிலிருந்து உடற தண்ணி மறுபாதிக்கு, கடலை, எள்ளு மாதிரி புஞ்சைப் பயிருக்கு. அடுத்த வருஷம் பக்கம் மாறிக்கும். அதனால ஒரே குடியானவரோட பற்று ஒரு வருஷம் தை, மாசியில தீரும். மறு வருஷம் சித்திரை, வைகாசி வரைக்கும் இழுக்கும். இந்த மாத்தம் தெரியாதவங்க, "நல்லாக் கட்டிட்டு இருந்தவர் திடீர்னு ஏமாத்திட்டார்"னு எழுதிடறாங்க. அவர் ஏமாத்தலைங்க, அந்த வருஷம் அவர் மதகுக்கு ரெண்டாம் தண்ணி.

காளிங்கராயன் பக்கத்துக் கடைகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. பதிமூணாம் நூற்றாண்டு வாய்க்கால் அது. கோடையில கொஞ்ச நாள் அடைக்கிறது போக வருஷம் பூரா தண்ணி. மஞ்சள்தான் முக்கியம். வைகாசி, ஆனியில நட்டா வெட்டறதுக்கு தை, மாசி ஆகும், அப்புறம் வேகவெச்சுக் காயப்போட்டு ஈரோட்டுக்குக் கொண்டுபோகணும். வரவுப் பத்தி வருஷத்துக்கு ஒரே தடவை நிறையும்.

படியளவு:
சரக்கு அளவைப் பத்திச் சுருக்கமா. 4 படி ஒரு வள்ளம்னு சொல்வாங்க, ஆனா படி ஊருக்கு ஊர் மாறும். புத்தகத்து அளவை நம்பாதீங்க. கடையில பழைய இரும்புப் படி இருந்தா வெறும் படியை எடை போட்டு, விளிம்பு வரைக்கும் தண்ணி ஊத்தி மறுபடி எடை போடுங்க. வித்தியாசம் எத்தனை கிராமோ அத்தனை மில்லி. விளிம்பு நெளிஞ்சிருந்தா மட்டம் வராது, பாத்துக்கோங்க. தலைதட்டி அளந்தாங்களா, கூம்பா அளந்தாங்களாங்கிறதையும் கேளுங்க. கடலைக்காயில அந்தக் கூம்புதான் கடைக்காரருக்கும் குடியானவருக்கும் சண்டையே.

எடையில 40 பலம் ஒரு வீசை, ஏறக்குறைய 1.4 கிலோ. 8 வீசை ஒரு மணங்கு. 1962-க்கு அப்புறமும் வீசைன்னு எழுதியிருந்தா அது வாய்ப்பழக்கம். நிறுத்தது கிலோக் கல்லுலதான் இருக்கும்.

பேரேட்டுப் பிரியன்:
நசியனூர்க்காரர் சொன்ன மதகு விஷயம் எல்லாத்தையும் விட முக்கியம். இன்னொண்ணு, ஏட்டைத் தொடறதுக்கு முன்னாடி. மண் வாய்க்கால்ல தண்ணி ஓடறப்ப கசிவு ஏறி, கரைப்பக்கத்துச் சுவர் ஓதம் பிடிச்சிருக்கும். அந்தச் சுவத்தலமாரி ஏடுகள் ஒண்ணோடொண்ணு ஒட்டிக்கும். வெயில்ல போடாதீங்க, மசி வெளுத்துடும், தையல் விட்டுடும். நிழல்ல, மெதுவா ஓடற காத்தாடிக்குக் கீழே, தானா விரியற பக்கங்களுக்கு நடுவுல மட்டும் எழுதாத வெள்ளைத்தாள் வெச்சு தினம் மாத்துங்க. அச்சடிச்ச பேப்பர் வெச்சா மை ஏறிக்கும். மூலையில தடவின மஞ்சளைச் சோப்புத் துணியாலயோ சுண்ணாம்புக் கையாலயோ தொட்டா செவந்துபோயிடும். மங்கின எழுத்தைப் படம் எடுக்க ஜன்னலோரத்துச் சாய்வெளிச்சம் போதும், ஃபிளாஷ் வேண்டாம்.

சென்னிமலை வடக்கு:
பத்திரம் தேடறவங்களுக்கு: கடை நிக்கிற இடம் வாய்க்கால் புறம்போக்கான்னு முதல்ல அ-பதிவேட்டுலயும் (கிராம நிலப் பதிவேடு) புலப்படத்துலயும் (நில அளவை வரைபடம்) பாருங்க. புறம்போக்குன்னா பத்திரமே இருக்காது, வில்லங்கச் சான்றுக்குப் பணம் கட்டறது வீண். அங்கே வீட்டுவரி ரசீது, மின் இணைப்பு அட்டை, 2006 வரைக்கும் இருந்த விற்பனை வரிப் பதிவு, இந்த மூணுதான் கைகொடுக்கும். மூணுலயும் பேர் யாருதுன்னு பாருங்க, பெரும்பாலும் அப்பாரு பேருலயே மாத்தாம ஓடிட்டிருக்கும்.