பழைய டமியா ரிமோட் கார் பாகங்கள்: எக்செலில் இருக்கிற எண்ணே தேடினால் வருவதில்லை, உதவுங்கள்

பாலையூற்று:
வணக்கம். பெரியப்பா எண்பதுகளில் கப்பலில் வேலை செய்தவர். அந்தக் காலத்தில் வாங்கிய டமியா (ஜப்பானிய மாதிரிக் கார் நிறுவனம்) கார்களும் ஒரு குவியல் உதிரிப்பாகங்களும் இப்போது என்னிடம் வந்திருக்கின்றன. கிராஸ்ஹாப்பர், ஹோர்னெட், ஃப்ரொக், லஞ்ச் பொக்ஸ் நான்கும் இருப்பது நிச்சயம். பாகங்கள் பிஸ்கட் பேணிகளிலும் ஐஸ்கிரீம் பெட்டிகளிலும் கலந்து கிடக்கின்றன. சில பக்கற் பிரிக்கப்படவே இல்லை, அட்டையில் ஐந்து இலக்க எண் தெரிகிறது. சில இன்னும் வெட்டப்படாமல், வார்த்த பிளாஸ்டிக் சட்டத்திலேயே நிற்கின்றன. மீதி எல்லாம் உதிரி.

எக்செலில் காருக்கு ஒரு ஷீட் என்று போட்டு வருகிறேன். 2004 இல் ஹோர்னெட் மறுபடி வெளியானபோது வந்த கையேட்டை இறக்கி, அதன் பாகப் பட்டியலில் உள்ள ஏழு இலக்க எண்களைப் பார்த்துத்தான் பதிகிறேன். பிரச்சினை என்னவென்றால், அதே எண்ணைத் தேடும் ஷீட்டில் தட்டினால் இல்லை என்கிறது, கீழே இறக்கிப் பார்த்தால் பாகம் அங்கேதான் இருக்கிறது. திருகாணி அளவை 3-8 என்று போட்டால் திகதியாக மாறிவிடுகிறது. அதோடு ஒரே பாகம் கிராஸ்ஹாப்பர் ஷீட்டிலும் ஹோர்னெட் ஷீட்டிலும் இருக்கிறது, உண்மையில் கையில் எத்தனை என்று எனக்கே தெரியவில்லை. ஹோர்னெட்டை ஓடவைக்க வேண்டும் என்பதுதான் ஆசை. வீட்டில் கிடக்கிற பாகத்தையே வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் அந்தக் காசு கடலில் கரைத்த பெருங்காயம்தான்.

உப்புவெளி:
தம்பி, முதல் பிரச்சினைக்குக் காரணம் முன்னால் வரும் பூச்சியம். அந்த ஏழு இலக்க எண்களில் நிறைய பூச்சியத்தில்தான் தொடங்கும். எக்செல் அதை எண் என்று எடுத்துக்கொண்டு முன் பூச்சியத்தை விழுங்கிவிடும், பிறகு நீங்கள் தேடும்போது முழு எண்ணையும் கொடுத்தால் பொருந்தாது. ஒரு ஷீட்டில் எழுத்தாகவும் இன்னொன்றில் எண்ணாகவும் பதிந்திருந்தாலும் இதே கதைதான், கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும், எக்செலுக்கு இரண்டும் வேறு.

புதிதாகப் பதிவதற்கு முன் எண்கள் உள்ள நிரல் (கொலம்) முழுவதையும் தெரிவு செய்து, ஃபோர்மட் செல்ஸில் டெக்ஸ்ட் என்று மாற்றிவிடுங்கள். ஏற்கெனவே பதிந்தவற்றுக்குப் பக்கத்தில் ஒரு வெற்று நிரல் எடுத்து, டெக்ஸ்ட் ஃபங்ஷனில் மேற்கோள் குறிக்குள் ஏழு பூச்சியம் கொடுத்து இழுத்துவிட்டால் தொலைந்த பூச்சியம் திரும்ப வரும். அதைக் கொப்பி பண்ணி, வெறும் பெறுமதியாகப் பழைய இடத்தில் ஒட்டுங்கள். ஆனால் கவனம், பக்கற் அட்டையிலுள்ள ஐந்து இலக்க எண்ணையும் அதே நிரலில் போட்டிருந்தால் அதற்கும் முன்னால் இரண்டு பூச்சியம் ஒட்டிக்கொள்ளும். முதலில் அவற்றை வேறு நிரலுக்கு மாற்றுங்கள்.

திகதியானவற்றை மீட்பது சள்ளை. எக்செல் உள்ளே அதை ஒரு நாள் எண்ணாக மாற்றி வைத்திருக்கும். உங்கள் கணினியின் அமைப்பைப் பொறுத்து 3-8 ஆகஸ்ட் 3 ஆகவோ மார்ச் 8 ஆகவோ இருக்கும், டெக்ஸ்ட் ஆக்கினாலும் பழைய உருவம் வராது. திரும்பத் தட்டுவதுதான் சுலபமான வழி. தட்டும்போது விட்டத்துக்கு ஒரு நிரல், நீளத்துக்கு ஒரு நிரல் என்று பிரித்துவிடுங்கள். மூன்றாவது நிரலில் ஆணியின் வகை. பிளாஸ்டிக்கில் தானே புரி வெட்டிப் போகிற ஆணியும் நட்டில் போகிற ஆணியும் ஒரே 3 மில்லிமீற்றராக இருக்கும், மாற்றிப் போட்டால் துளை பழுதாகிவிடும்.

நிலாவெளிக்காரன்:
உப்புவெளி அண்ணா சொன்னது சரி. ஆனால் காருக்கு ஒரு ஷீட் என்கிற அமைப்பையே விட்டுவிடுங்கள், அது இருக்கும்வரை எண்ணிக்கை ஒருநாளும் சரிவராது. ஹோர்னெட் கிராஸ்ஹாப்பரின் அடிப்படையில் வந்த கார், 1984 இல் இரண்டும் வெளிவந்தன, சேஸி (அடிச்சட்டம்) உட்படப் பல பாகங்கள் பொது. லஞ்ச் பொக்ஸும் மிட்நைட் பம்கினும் அப்படித்தான். ஃப்ரொக்கின் பாகங்கள் பிளாக்ஃபுட்டிலும் மொன்ஸ்டர் பீட்டிலிலும் வரும். ஆகவே ஒரு பாகம் ஒரு காருக்குச் சொந்தம் என்று நினைக்கவே கூடாது.

ஒரு ஷீட்டில் பாகங்கள் மட்டும். ஒவ்வொன்றுக்கும் நீங்களே ஒரு இலக்கம் கொடுங்கள், டமியா எண் அல்ல, உங்கள் எண். எந்தப் பெட்டியில், எத்தனை, என்ன நிலையில் என்பது அங்கே. இரண்டாவது ஷீட்டில் உங்கள் எண், பொருந்தும் கார், அவ்வளவுதான். மூன்று காருக்குப் பொருந்தினால் மூன்று வரி. டமியா எண்களுக்கும் இப்படித் தனி ஷீட் வேண்டும், ஏனென்றால் ஒரே பாகத்துக்குப் பக்கற்றில் ஓர் எண், கையேட்டில் ஓர் எண், மறுவெளியீட்டில் இன்னொரு எண் என்று இருக்கும்.

பாலையூற்று:
இது நல்ல யோசனை அண்ணா, இரண்டு பேருக்கும் நன்றி. எண்ணே இல்லாத உதிரிகளை என்ன செய்வது? சட்டத்திலிருந்து வெட்டியபின் எழுத்தும் எண்ணும் சட்டத்தோடு போய்விடுகின்றன.

நிலாவெளிக்காரன்:
சில பாகங்களின் உட்பக்கத்தில் சிறிதாக அச்சு இருக்கும், டோர்ச் வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். இல்லாவிட்டால் கையேட்டில் சட்டங்களின் படம் இருக்கும், அதோடு ஒப்பிடுங்கள். உலோகப் பாகங்களை அளக்க வேர்னியர் (நுண் அளவுகோல்) வேண்டும். பெயாரிங் என்றால் வெளிவிட்டம் 11 மில்லிமீற்றர், உள்விட்டம் 5 வந்தால் அது 1150. 8 உம் 5 உம் வந்தால் 850. பெயரே அளவுதான். மோட்டரையும் அளந்தே கண்டுபிடிக்கலாம்: கிராஸ்ஹாப்பரில் முதலில் வந்தது 380, உடல் விட்டம் கிட்டத்தட்ட 28 மில்லிமீற்றர். ஹோர்னெட்டில் 540, அது கிட்டத்தட்ட 36. 380 இன் தண்டு 2.3, 540 இன் தண்டு 3.17. மோட்டர் தண்டில் மாட்டும் சின்னப் பினியன் பற்சக்கரங்களைப் பல் எண்ணி மட்டும் பதியாதீர்கள், துளையையும் அளந்து எழுதுங்கள்.

டொக்யாட் வீதி:
நான் சொல்ல வந்தது வேறு. நம்ம ஊர் உப்புக்காற்றில் ஆணியும் பெயாரிங்கும் திறந்த பேணியில் இருந்தால் பட்டியல் முடியுமுன் துருப்பிடிக்கும். ஸிப் வைத்து மூடும் பையில் துளி எண்ணெய் தடவிப் போட்டு, பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் வையுங்கள். கடை பில் மாதிரி வெப்பத்தில் அச்சாகும் லேபல் வேண்டாம், இந்தச் சூட்டுக்கு வெளிறிவிடும். தாளில் பென்சிலால் எழுதிப் பைக்குள்ளேயே போடுங்கள். பழைய ரப்பர் டயரை காரின் பிளாஸ்டிக் மேல்கூட்டோடு ஒட்டி வைக்காதீர்கள், ரப்பரில் இருப்பது கசிந்து பிளாஸ்டிக்கை அரிக்கும். பழைய நிக்கல் கட்மியம் பற்றரி இருந்தால் உடனே தனியாக எடுங்கள், அது கசிந்தால் பக்கத்திலுள்ள செம்புத் தொடுகைகள் போய்விடும். கட்மியம் நஞ்சு, குப்பையோடு எரிக்கவும் வேண்டாம்.

பாலையூற்று:
நிரலை டெக்ஸ்ட் ஆக்கிப் பூச்சியங்களைத் திருப்பிப் போட்டதும் தேடல் வேலை செய்கிறது! கார் ஷீட்டுகளை ஒன்றாக்கி, ஹோர்னெட் வரிகளை மட்டும் வடிகட்டிப் பார்த்தேன். பின் டாம்பர் (அதிர்வுதாங்கி) ஒன்றுதான் குறைகிறது போலிருக்கிறது. பேணியில் இரண்டு சோடி இருக்கிறது, எது ஹோர்னெட்டுடையது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

நிலாவெளிக்காரன்:
ஹோர்னெட்டின் பின் டாம்பர் எண்ணெய் நிரப்புவது. சுருள்வில்லைக் கழற்றிவிட்டுத் தண்டை மெதுவாக இழுத்துப் பாருங்கள். தண்டு நுழையும் இடத்தில் ரப்பர் வளையம் இருந்தால் அது எண்ணெய் டாம்பர், கையேட்டுப் படத்தோடும் ஒப்பிட்டு உறுதி செய்யுங்கள். பழைய வளையம் காய்ந்திருக்கும், எண்ணெய் விடுமுன் அதை மாற்றுங்கள். அப்புறம் அந்த வளையத்தையும் பட்டியலில் தனி வரியாகப் போடுங்கள், அடிக்கடி தேவைப்படும் சாமான் அது.