அரகோனின் சொப்ரார்பே மலைத்தடங்கள்: அக்டோபர் இறுதியில் எங்கே ஓட்டலாம்?

வழிப்போக்கன் (கேள்வி):

வணக்கம். அக்டோபர் கடைசி வாரத்தில் நானும் என் தம்பியும் ஸ்பெயினின் அரகோன் மாநிலத்திலுள்ள சொப்ரார்பே பகுதிக்கு மலை மிதிவண்டி ஓட்டச் செல்லவிருக்கிறோம். ஐன்சா ஊரில் தங்குவதாகத் திட்டம். அங்கே ‘சோனா செரோ’ என்ற பெயரில் குறியிடப்பட்டுள்ள தடங்களில் 2015இலும் 2018இலும் உலக எண்டியூரோ தொடரின் (இறக்கங்களில் எடுக்கும் நேரத்தைக் கணக்கிடும் மலை மிதிவண்டிப் போட்டி) சுற்றுகள் நடந்தன என்று அறிந்ததிலிருந்து, அவை தேர்ந்த போட்டியாளர்களுக்கு மட்டுமே உரியவையோ என்ற தயக்கம் வந்துவிட்டது. நாங்கள் இருவரும் காட்டுச்சாலைகளிலும் ஓரளவு கல் நிறைந்த இறக்கங்களிலும் பழகியவர்கள். பாறைகளிலிருந்து குதித்து இறங்கிப் பழக்கமில்லை. நீலத் தடங்களில் தொடங்குவதா, சிவப்புக்கே போகலாமா? ஒர்தேசா தேசியப் பூங்காவுக்குள் மிதிவண்டியோடு நுழைய முடியுமா?

சாம்பல்மேடு:

தயங்காமல் செல்லுங்கள். போட்டிச் சுற்றுகளுக்குப் பயன்பட்ட தடங்கள் அந்த வலைப்பின்னலில் ஒரு பகுதிதான். பச்சை, நீலம், சிவப்பு, கறுப்பு என்ற வரிசையில் கடினம் கூடுகிறது. உங்கள் பழக்கத்துக்கு முதல் நாள் நீலமும், கை பழகியபின் சிவப்பும் பொருந்தும். ஆனால் சொப்ரார்பேயில் தடத்தின் நிறத்தைவிட அதன் மண்ணைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதே முக்கியம் என்பது என் உறுதியான கருத்து.

ஐன்சாவைச் சுற்றிலும் நீலம் கலந்த சாம்பல் நிறத்தில், செடிகொடி அதிகமில்லாத மொட்டை மேடுகளைக் காண்பீர்கள். ஏறத்தாழ ஐந்து கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்த சேறு, சுண்ணாம்பு கலந்த களிப்பாறையாக இறுகி, பைரனீஸ் மலைகள் எழும்பியபோது மேலே வந்து, பின்னர் மழைநீரால் அறுக்கப்பட்டு உருவான நிலம் அது. காய்ந்திருக்கும்போது அதன் மேல் ஓட்டுவது பேரின்பம்: டயர் நன்றாகப் பிடிக்கும், முகடுகளின் மேலேயே வளைந்து வளைந்து இறங்கலாம், பார்வை எங்கும் தடைபடாது. அதே நிலம் நல்ல மழைக்குப் பிறகு பசையாகிவிடும். சக்கரத்துக்கும் சட்டகத்துக்கும் இடையே களி அடைத்துக்கொண்டு வண்டியை உருட்டிச் செல்லக்கூட முடியாமல் போகும் என்பது ஒரு புறமிருக்க, ஈரத்தில் பதிந்த சக்கரப் பள்ளம் அப்படியே இறுகி, அடுத்த மழையில் ஓடையாக மாறித் தடத்தையே அரித்துவிடும். ஆகவே மழை பெய்தால் சாம்பல் மேடுகள் நன்கு காயும்வரை அவற்றை விட்டுவிட்டு, சற்று உயரத்தில் பைன், ஓக் மரங்களும் பாக்ஸ் புதர்களும் நிறைந்த காடுகளுக்குள் செல்லும் கல் பாவிய பாதைகளுக்குப் போங்கள். ஈரக் கல்லும் வழுக்கும்தான். ஆனால் அங்கே நீங்கள் நிலத்தைக் கெடுக்கமாட்டீர்கள்.

ஒர்தேசா வேண்டாம். 1918இல் அமைக்கப்பட்ட அந்தப் பூங்காவின் நடைபாதைகளில் மிதிவண்டிக்கு அனுமதி இல்லை. ஒரு நாள் வண்டிகளை விடுதியில் விட்டுவிட்டு அங்கே நடந்து வாருங்கள். அந்தப் பள்ளத்தாக்கு நடப்பதற்கே ஏற்றது.

டயர் கட்டாயம் டியூப்லெஸ்ஸாக, உள்ளே அடைப்புத் திரவம் புதிதாக ஊற்றியதாக இருக்கட்டும். வழியோரத்தில் வளரும் முட்புதர்கள் சாதாரண டியூப்பை விட்டுவைப்பதில்லை.

ஆற்றங்கரை:

மேலே சொன்னவற்றோடு இலையுதிர்கால விவரங்கள் சிலவற்றைச் சேர்க்கிறேன். அந்தப் பருவத்தில், குறிப்பாக வார இறுதிகளில், காட்டுப்பன்றி வேட்டை நடக்கும். தடத்தின் தொடக்கத்தில் வேட்டை அறிவிப்புப் பலகை கண்டால், எவ்வளவு தூரம் ஏறி வந்திருந்தாலும் திரும்பிவிட வேண்டும். முந்தைய மாலையே விடுதிக்காரரிடம் கேட்டுக்கொண்டால் இந்த வீண் அலைச்சல் இருக்காது. மந்தையைக் காக்கும் மாஸ்டிஃப் நாய்கள் உங்களை நோக்கி வந்தால் வேகமெடுத்துத் தப்ப முயலாதீர்கள். இறங்கி, வண்டியை உங்களுக்கும் நாய்க்கும் நடுவே பிடித்துக்கொண்டு, மந்தையைச் சுற்றி மெதுவாக நடந்து கடந்துவிடுங்கள். கால்நடைகளுக்கான படல்களைத் திறந்தால் திரும்ப மூடுங்கள். அக்டோபர் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னே தள்ளுவார்கள் என்பதால், அதன்பின் மாலை ஆறு மணிக்கே சூரியன் மறைந்துவிடும். அவசர உதவிக்கு 112.

வழிப்போக்கன்:

இருவருக்கும் மிக்க நன்றி. மழை பெய்யும் நாளுக்கு எனச் சமதளமான, எளிய பாதை ஏதேனும் உண்டா? இன்னொன்று: காட்டுக்குள் கல் பாவிய பாதைகள் எப்படி வந்தன? மிதிவண்டிக்காகவே அமைத்தார்களா?

சாம்பல்மேடு:

மிதிவண்டிக்காக அமைத்தவை அல்ல. அவற்றில் பெரும்பாலானவை ஊருக்கு ஊர் கோவேறு கழுதைகளும் மனிதர்களும் நடந்த பழைய வழிகள். இருபுறமும் சாந்து பூசாமல் அடுக்கிய கற்சுவர்களைக் கவனித்தால் அது விளங்கும். சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில் மக்கள் நகரங்களுக்குப் பெயர்ந்தபோது மலையூர்கள் பல காலியாகி, வழிகள் புதர் மண்டிப் போயின. இன்றும் சொப்ரார்பேயில் ஒரு சதுர கிலோமீட்டருக்கு மூன்று, நான்கு பேர் என்ற அளவில்தான் மக்கள் வாழ்கிறார்கள். அந்த வழிகளை அரிவாளும் மண்வெட்டியுமாகத் திறந்தவர்கள் உள்ளூர் மிதிவண்டிக்காரர்களும், விடுதியும் கடையும் நடத்துபவர்களுமே. ஆகவே உங்கள் செலவை இயன்றவரை அந்த ஊர்களிலேயே செய்யுங்கள். அடுத்த பருவத்தில் புதர் வெட்டுவதற்கு அதுவும் உதவும்.

எளிய பாதைக்கு ஆரா ஆற்றின் பள்ளத்தாக்கைப் பரிந்துரைக்கிறேன். அங்கே தொங்குபாலத்தின் மறுகரையில் ஹானொவாஸ் என்ற ஊர் இருக்கிறது. அணை கட்டப்போவதாகச் சொல்லி 1960களில் மக்களை வெளியேற்றத் தொடங்கினார்கள், வீடுகளை இடித்தார்கள். கடைசிக் குடும்பம் 1984இல் வெளியேறியது. 2001இல் சுற்றுச்சூழல் மதிப்பீட்டில் அத்திட்டம் நிராகரிக்கப்பட்டது. அணை எழவே இல்லை. இப்போது அந்த ஊராரும் அவர்கள் பிள்ளைகளும் வீடுகளை ஒவ்வொன்றாக மீண்டும் கட்டி வருகிறார்கள். அங்கே வண்டியிலிருந்து இறங்கி நடந்து செல்லுங்கள். பாதி கட்டிய வீடுகளுக்குள் நுழைந்து படமெடுக்க வேண்டாம், அவை மக்கள் திரும்பிவரும் வீடுகள்.

ஆற்றங்கரை:

ஐன்சாவுக்கு ரயில் கிடையாது. சரகோசாவிலோ பார்சலோனாவிலோ வாடகைக் கார் எடுப்பதே வசதி. மிதிவண்டிகளோடு ஓட்டுநர்களையும் மேலே கொண்டுபோய் விடும் வேன்களுக்கு முன்கூட்டியே சொல்லி வைத்துவிடுங்கள். போதிய ஆள் சேராத நாளில் வேன் கிளம்பாமல் போகலாம்.