மருந்துக்கடை மேசையில் தாளம் போட்ட விரல்கள்: குரால்னிக்கின் நூல்களும் நமது அனுபவங்களும்

(வாசகர்கள் சிலர் புனைபெயர்களில் எழுதிக்கொண்ட உரையாடல்)

மெம்பிஸ் போய்வந்தவன்

அமெரிக்க இசை எழுத்தாளர் பீட்டர் குரால்னிக் எழுதிய, பாடகர் எல்விஸ் பிரெஸ்லியின் வரலாற்றில் முதல் பாகமான ‘லாஸ்ட் டிரெயின் டு மெம்பிஸ்’ நூலை இங்குள்ள பலரும் படித்திருப்பீர்கள் என்பதால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். 1983இல் குரால்னிக் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரத் தென்பகுதியில் மெக்லெமோர் அவென்யூ வழியாக ஒரு தோழியுடன் காரில் போகும்போது, அந்தத் தோழி ஒரு மருந்துக்கடையைக் காட்டி, எல்விஸின் உறவினர் ஒருவர் அங்கே வேலை பார்த்ததையும், எல்விஸ் அங்கு வந்து குளிர்பானம் தரும் மேசை முன் உட்கார்ந்து விரல்களால் தாளம் போட்டுக்கொண்டிருப்பதையும் சொல்லி, பாவம் அந்தப் பிள்ளை என்று இரங்குகிறார். பதினோரு ஆண்டுகளுக்குப் பிறகு வந்த நூலின் முன்னுரையில் குரால்னிக் இதைத்தான் நினைவுகூர்கிறார். அந்த நொடியில்தான் எல்விஸ் அவருக்கு வெறும் மனிதராகத் தெரிந்தார்.

நான்கு ஆண்டுகளுக்கு முன் அலுவலக வேலையாக அந்த ஊருக்குப் போனபோது எனக்கு அரை நாள் ஓய்வு கிடைத்தது. யூனியன் அவென்யூ 706ஆம் எண்ணில் இருக்கும் சன் ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் போனேன். எல்லோரும் உள் அறையில் ஒலிவாங்கியைப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். என்னால் முன் அறையை விட்டு நகர முடியவில்லை. 1953ஆம் ஆண்டுக் கோடையில், தன் கைக்காசு நான்கு டாலரைக் கொடுத்து இரண்டு பாட்டுகளைப் பதிவு செய்துகொள்ள வந்த பதினெட்டு வயதுப் பையன் எல்விஸிடம், நீ யாரைப் போலப் பாடுவாய் என்று அங்கே வேலை பார்த்த மேரியன் கைஸ்கர் கேட்டது இந்த அறையில்தான். யாரைப் போலவும் இல்லை என்று அவன் சொன்னதும் இங்கேதான். வயதான ஒருவர் என் தோளைத் தொட்டு, கூடம் உள்ளே இருக்கிறது, இங்கே பார்க்க எதுவும் இல்லை என்று பரிவோடு சொன்னார். அவருக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. என்ன சொல்லியிருக்க வேண்டும் என்பது இன்றுவரை என்னை உறுத்துகிறது.

இரவுப் பணியாளர்

என்னுடையது இரண்டாம் பாகமான ‘கேர்லெஸ் லவ்’ பற்றியது. 1958இல் தாயை இழந்து ராணுவப் பணிக்காக ஜெர்மனிக்குப் போகும் எல்விஸை, அவர் இறந்த 1977 ஆகஸ்ட் 16 வரை பின்தொடரும் அந்தப் பெரிய நூலை, என் அண்ணன் மருத்துவமனையில் கிடந்தபோது வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து படித்தேன். தூக்க மாத்திரையில் தொடங்கிய பழக்கம்தான் அண்ணனை அங்கே கொண்டுவந்திருந்தது. எல்விஸைச் சுற்றியிருந்த அத்தனை பேருக்கும் அவரே சம்பளம் கொடுத்தார் என்பதால், வேண்டாம் என்று அவரிடம் சொல்லக்கூடிய ஆள் ஒருவர்கூட இல்லை என்பது ஒவ்வொரு அத்தியாயத்திலும் தெரிந்துகொண்டே வருகிறது. அண்ணனின் வருமானத்தில் வாழ்ந்த எங்கள் வீட்டிலும் யாரும் வாய் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. இதைவிடத் துயரமான கதை தமக்குத் தெரியாது என்று குரால்னிக் எழுதியிருக்கிறார். துயரம் மட்டும் போதுமா என்று அன்றிரவு எனக்குக் கோபம் வந்தது. இன்னார்தான் காரணம் என்று அவர் ஓர் இடத்திலாவது உரக்கச் சொல்லியிருக்க வேண்டும். கடைசி அறுபது பக்கங்களை நான் இன்னும் படிக்கவில்லை.

பழைய இசைத்தட்டு

இரவுப் பணியாளர் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. உரக்கச் சொன்ன நூலும் நம்மிடம் இருக்கிறது. 1981இல் ஆல்பர்ட் கோல்ட்மேன் எழுதிய எல்விஸ் வரலாற்றில் தீர்ப்புக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் அந்தப் பாட்டுகள் ஏன் ஒரு தலைமுறையை உலுக்கின என்பதற்கு அதில் விடை கிடையாது. அந்த நூலைத்தான் நான் முதலில் படித்தேன். படித்த பிறகு ஓர் ஆண்டு எல்விஸின் குரலைக் கேட்கவே கூசியது. என் அனுபவம் அவ்வளவுதான்.

நீங்கள் கேட்காமலே ஒன்று சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். குரால்னிக்கை எல்விஸிலிருந்து தொடங்காதீர்கள். அமெரிக்கக் கறுப்பர்களின் சோல் இசையைப் பற்றி 1986இல் வந்த ‘ஸ்வீட் சோல் மியூசிக்’ நூலை முதலில் எடுத்து, ஒவ்வோர் அத்தியாயத்தையும் அதில் வரும் பாட்டுகளைக் கேட்ட பிறகே படியுங்கள். அதே மெக்லெமோர் அவென்யூவில், பழைய திரையரங்கு ஒன்றை வாடகைக்குப் பிடித்து, ஜிம் ஸ்டூவர்ட்டும் அவருடைய அக்கா எஸ்டெல் ஆக்ஸ்டனும் ஸ்டாக்ஸ் என்ற இசைத்தட்டு நிறுவனத்தை நடத்தினார்கள். தின்பண்டம் விற்ற முன்பகுதியில் அக்கா இசைத்தட்டுக் கடை வைத்தார்; நாற்காலிகளை அகற்றிய அரங்கின் சரிவான தரைமீதே தம்பி பாட்டுகளைப் பதிவு செய்தார். 1962இல் வேறொருவரின் பதிவுக்காகக் கார் ஓட்டி வந்த பாடகர் ஓட்டிஸ் ரெடிங், எல்லாம் முடிந்த பின் மிஞ்சிய நேரத்தில் ‘தீஸ் ஆர்ம்ஸ் ஆஃப் மைன்’ பாடினார். படிக்கும் முன் அந்தப் பாட்டைக் கேட்டிருந்தால், அந்தப் பக்கத்தில் உங்கள் கை நிற்கும். கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து வாசித்த அந்தக் கூடம், 1967 டிசம்பரில் ஓட்டிஸ் விமான விபத்தில் இறந்ததையும், அடுத்த ஏப்ரலில் அதே ஊரில் மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக்கொல்லப்பட்டதையும் தாண்டி எப்படிச் சிதைந்தது என்பதைப் படித்தால், குரால்னிக் கோபப்படாதவர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அவர் தம் கோபத்தை நிகழ்ச்சிகளின் வரிசையிலேயே வைத்துவிடுகிறார்.

இரவுப் பணியாளருக்கு இன்னொன்று: அண்ணனைப் பற்றி உங்களுக்குத் தெரிந்ததை எல்லாம் தேதி போட்டு எழுதி வையுங்கள்.

பாடகர் குழுவில் இருந்தவள்

பாடகர் சாம் குக்கைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே. குரால்னிக் எழுதிய அவருடைய வரலாறு ‘டிரீம் பூகி’ 2005இல் வந்தது. சோல் ஸ்டிரர்ஸ் குழுவில் காஸ்பல் என்னும் தேவாலயப் பாட்டுகள் பாடிப் பெயர் பெற்ற குக், முதல் பாப் இசைத்தட்டை ‘டேல் குக்’ என்ற மாற்றுப் பெயரில் வெளியிட்டார். தேவாலயத்தில் அவரைக் கேட்டுப் பழகியவர்களை அந்தப் பெயர் ஏமாற்றவில்லை. என் தந்தை சபைப் போதகர். கல்லூரி நாட்களில் நான் வேறு பெயரில் ஒரு மெல்லிசைக் குழுவில் பாடினேன். ஒரு திருமண வீட்டு ஒலிபெருக்கியில் என் குரல் தெருவரை கேட்டிருக்கிறது. அப்பா வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, “நல்லாத்தான் பாடுற” என்று மட்டும் சொன்னார். அதன் பிறகு சபையில் தனிப்பாட்டுக்கு என்னை அவர் அழைக்கவேயில்லை. குக்கின் தந்தையும் ஊழியக்காரர்தாம்; ஆனால் மகன் வெளியுலகப் பாட்டுக்குப் போவதை அவர் தடுக்கவில்லை. அந்தப் பகுதியைப் படித்த அன்று நான் மேற்கொண்டு படிக்கவில்லை.

1964 டிசம்பர் 11 அன்று லாஸ் ஏஞ்சலஸ் விடுதி ஒன்றில் அதன் மேலாளர் சுட்டு, முப்பத்து மூன்று வயதில் குக் இறந்தார். அதை ஒரு சதி என்று இன்றும் பலர் நம்புகிறார்கள். ஆதாரம் எங்கே நின்றதோ அங்கே குரால்னிக்கும் நின்றுவிடுகிறார். இரவுப் பணியாளர் கேட்ட உரத்த குரல் இங்கே எழுந்திருந்தால் அது பொய்யாகியிருக்கும்.

இரவுப் பணியாளர்

பாடகர் குழுவில் இருந்தவர் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் அடக்கம் ஒன்றே அறம் ஆகாது. இசைக்கலைஞர்களின் வரலாறுகளை எழுதும் டேவிட் ரிட்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். 1999இல் சோல் பாடகி அரீத்தா ஃபிராங்க்ளினின் தன்வரலாற்றை அவரோடு சேர்ந்து எழுதினார். தாய் தங்களைக் கைவிடவில்லை என்பதில் அரீத்தா அதில் உறுதியாக நின்றார். பல கதவுகளை அவர் திறக்கவே இல்லை. அந்தக் குறை தாளாமல் 2014இல் ரிட்ஸ் தாமே தனியாக ‘ரெஸ்பெக்ட்’ என்ற வரலாற்றை எழுதினார். அரீத்தா அதைக் கடுமையாக மறுத்தார். இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தபோது, உண்மை இரண்டாவதில் கூடுதலாக இருப்பதாகவும், உரிமை முதலாவதில் இருப்பதாகவும் எனக்குப் பட்டது. அண்ணனைப் பற்றி எழுதச் சொன்ன நண்பருக்கு என் தயக்கத்தின் காரணம் இதுதான்: அண்ணன் இப்போது நலமாக இருக்கிறார், நான் எழுதினால் அவர் படிப்பார்.

மெம்பிஸ் போய்வந்தவன்

ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். அன்று சன்னிலிருந்து வாடகைக் காரில் மெக்லெமோருக்கும் போனேன். 1989இல் இடிக்கப்பட்ட ஸ்டாக்ஸ் கட்டடம் இருந்த இடத்தில் 2003 முதல் அருங்காட்சியகம் நிற்கிறது. நான் தேடியது அந்த மருந்துக்கடையை. ஓட்டுநரிடம் மெதுவாகப் போகச் சொல்லித் தெருவின் இரு பக்கமும் பார்த்தேன். எது என்று தெரியவில்லை. என்ன தேடுகிறீர்கள் என்று அவர் கேட்டார். ஒரு பையன் உட்கார்ந்திருந்த இடம் என்றேன். அவர் தலையசைத்துவிட்டு, இன்னொரு முறை வண்டியைத் திருப்பினார்.