புதுப்பிப்பு: வோட்காவில் ஊறவைத்த ஜின், கசப்பு போய்விட்டது

காரைக்குடியில் கடை வோட்காவில் ஜூனிபர் காயும் (ஜின்னுக்கு அதன் தனி வாசம் தருவது) செட்டிநாட்டு மசாலாச் சாமான்களும் ஊறவைத்துச் செய்த ஜின் கசக்கிறது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்னவர்களுக்கு நன்றி.

கைகொடுத்தது "எல்லாவற்றையும் ஒன்றாகப் போடாதீர்கள்" என்ற யோசனைதான். ஜூனிபரும் கொத்தமல்லி விதையும் ராத்திரி முழுக்க ஊறின. அப்புறம் நார்த்தங்காய்த் தோல்; உள்ளே இருக்கும் வெள்ளை துளியும் ஒட்டாமல் மேல்தோலை மட்டும் சீவிப் போட்டு, சில மணி நேரத்தில் எடுத்துவிட்டேன். கசப்பெல்லாம் அந்த வெள்ளையில்தான். கல்பாசி வேண்டாம் என்றவர் மன்னிக்கவும், ஒரு சிட்டிகை போட்டேன். அந்த மண்வாசம் எனக்குப் பிடித்திருக்கிறது.

எதிர்பாராதது: ஐஸ் தண்ணீர் விட்டதும் பால் மாதிரி கலங்கியது. கெட்டுப்போகவில்லை. மசாலாவோடு போட்ட அன்னாசிப்பூவில் உள்ள அனெத்தோல் என்ற வாசனைப் பொருள் ஆல்கஹாலில் கரையும், தண்ணீர் கூடினால் பிரிந்துவிடும். அன்னாசிப்பூவில் ஒரு இதழ் போட்டால் போதும். ஊறியதில் ஏறிய மஞ்சள் நிறம் வடிகட்டினாலும் போகாது. காய்ச்சி வடித்தால் போகும். வீட்டில் அது சட்டப்படி குற்றம், அந்தப் பக்கமே போகவில்லை.