கால்சியம் மாத்திரையால் மலச்சிக்கல், மாற்று உண்டா?

அக்காவுக்கு 52 வயது. மாதவிடாய் நின்று ஒரு வருடம் தாண்டிவிட்டது. ஸ்கேனில் எலும்பு அடர்த்தி குறைவு என்று வந்ததால் கால்சியம் கார்பனேட்டும் வைட்டமின் டி-யும் எழுதிக் கொடுத்தார்கள். அதிலிருந்து கடும் மலச்சிக்கல், வயிற்று உப்புசம்.

ஒரே வேளையில் 500 மி.கி.க்கு மேல் போனால் உடல் சரியாக உறிஞ்சாது என்பதால் இரண்டாகப் பிரித்து, சாப்பாட்டோடுதான் கொடுக்கிறோம். தண்ணீர், நார்ச்சத்து, நடைப்பயிற்சி எல்லாம் கூட்டியும் பலனில்லை. பால் அவருக்கு ஒத்துக்கொள்ளாது, அதனால் இந்த வயதுக்குச் சொல்லும் தினசரி 1,200 மி.கி.யை உணவில் மட்டும் எட்டுவது கஷ்டம். அப்புறம், காலையில் தைராய்டு மாத்திரை வேறு. அதற்கும் கால்சியத்துக்கும் 4 மணி நேர இடைவெளி விட வேண்டும்.

மாத்திரையையே நிறுத்தப்போவதாகச் சொல்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது.

டாக்டர் சொல்லி கார்பனேட்டிலிருந்து கால்சியம் சிட்ரேட்டுக்கு மாறியவர்களுக்கு மலச்சிக்கல் குறைந்ததா?